ஐந்து 'சாவ்' நிலம் என்றால் எவ்வளவு? வியட்நாம் உழவர்களின் பேச்சுச் சொற்கள்: ஓர் அறிமுகம்

வியட்நாமில் ஒருவர் "எனக்கு ஐந்து சாவ் நிலம் இருக்கிறது" என்றால், அவர் எந்தப் பக்கத்துக்காரர் என்று தெரியாமல் அது எவ்வளவு நிலம் என்று சொல்லவே முடியாது. வடக்கே, ஹனோயைச் சுற்றியுள்ள சிவப்பு ஆற்றுச் சமவெளியில் ஒரு சாவ் என்பது 360 சதுர மீட்டர். அங்கே ஐந்து சாவ் வைத்திருப்பவருக்கு அரை ஏக்கர்கூடத் தேறாது. நடு வியட்நாமில் அதே சாவ் ஏறக்குறைய 500 சதுர மீட்டர். காப்பித் தோட்டங்கள் நிறைந்த மத்திய மேட்டுநிலத்தில், டாக் லாக் மாதிரியான இடங்களில், சாவ் என்றால் 1,000 சதுர மீட்டர். ஆக அங்கே ஐந்து சாவ் என்பது அரை ஹெக்டேர், ஒன்றேகால் ஏக்கருக்குப் பக்கம்.

தெற்கே மீகாங் கழிமுகத்துக்குப் போனால் சாவ் என்ற பேச்சே பெரும்பாலும் இல்லை. அங்கே 'கோங்'தான் அளவு. ஒரு கோங் 1,000 சதுர மீட்டர். ஆனால் 'பெரிய கோங்' என்று இன்னொன்றும் புழக்கத்தில் உண்டு, அது கிட்டத்தட்ட 1,300. நிலம் பேசும்போது எந்தக் கோங் என்று கேட்காமல் விலை பேசினால் நஷ்டம் வாங்குபவருக்குத்தான். 'கோங்' என்பதற்கு ஓர் ஆளின் ஒரு நாள் வேலை, கூலி என்ற பொருளும் உண்டு. பத்து சாவ், தெற்கே பத்து கோங், சேர்ந்தால் ஒரு 'மவ்'. அதுவும் வடக்கே 3,600 சதுர மீட்டர், தெற்கே முழு ஹெக்டேர்.

அரசு ஆவணத்தில் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது. நில உரிமைச் சான்றிதழில் சதுர மீட்டரில் சுத்தமாக எழுதியிருக்கும். அந்தச் சான்றிதழுக்கே மக்கள் வைத்த பெயர் 'ஸோ டோ', அதாவது சிவப்புப் புத்தகம். ஆவணத்துக்கு ஒரு மொழி, வரப்பில் நின்று பேச ஒரு மொழி. இந்தக் கட்டுரை அந்த வரப்பு மொழியைப் பற்றியது.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. வியட்நாமிய மொழி சுரம் சார்ந்தது. குரல் ஏறுகிறதா, இறங்குகிறதா, உடைகிறதா என்பதைப் பொறுத்துச் சொல்லே மாறிவிடும். புதிதாகக் கற்பவர்களுக்கு முதல் பாடத்தில் காட்டும் எடுத்துக்காட்டு 'மா'. ஒரு சுரத்தில் பேய், இன்னொன்றில் 'ஆனால்', இன்னொன்றில் கல்லறை, தெற்கே வேறொன்றில் அம்மா. அந்த வரிசையில் கனமாகக் கீழே இறங்கும் 'மா'வுக்குப் பொருள் நெல் நாற்று. ஹுவே நகர்ப் பக்கம் அதே சுரத்தில் அம்மாவையும் கூப்பிடுவார்கள். தமிழ் எழுத்தில் சுரத்தைக் காட்ட வழியில்லை என்பதால் இங்கே நான் எழுதும் ஒலிகளை ஒரு தோராயமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, நெல்லுக்கு வருவோம். நெல், அரிசி, சோறு என்று மூன்று சொல் வைத்திருக்கும் நமக்கு வியட்நாமியரின் 'லூவா, காவ், கொம்' என்ற வரிசையை விளக்கவே வேண்டாம். உமிக்கு 'சவ்', தவிட்டுக்கு 'காம்', நொய்க்கு 'தம்' எனத் தனித்தனிச் சொற்கள். அந்த நொய்யை வடித்துச் செய்யும் 'கொம் தம்' இன்று சைகோனின் பெயர்போன சாப்பாடு. வடக்கே இன்னும் ஒரு படி நுணுக்கம்: வயலில் நிற்கும் பயிர் லூவா, அடித்துக் குவித்த நெல்மணி 'தோக்'. தெற்கே இந்தப் பிரிவினை மங்கிவிட்டது, பயிரும் மணியும் லூவாதான். அறுத்து அடித்த வைக்கோல் 'ரொம்', வயலிலேயே நிற்கும் அடித்தாள் 'ரா'.

எனக்கு மிகவும் பிடித்தது பயிர்ப் பருவங்களுக்கு உழவர்கள் வைத்த பெயர்கள். வேளாண் துறைக் கையேட்டில் விதைத்த நாள் கணக்கு இருக்கும். உழவர் பேச்சில் பயிருக்கு ஒரு வாழ்க்கையே இருக்கிறது. தூர் கட்டுவதை 'கிளைகளை ஈனுதல்' என்கிறார்கள். நாற்று வேர்பிடித்துத் தளதளவென்று பச்சை கட்டி நிற்கும் நாட்களுக்கு 'கன்னிப்பெண் பருவத்து நெல்' என்று பெயர். இது ஏதோ கவிஞர் சொன்னது அல்ல, உரம் போடலாமா வேண்டாமா என்று பேசும்போது சாதாரணமாக வாயில் வருவது. தண்டுக்குள் இளங்கதிர் உருவானதும் பயிர் கதிரை 'அணைத்துக்கொண்டிருக்கிறது'. பிறகு கதிர் வெளிவரும். நாம் பால் பிடிக்கிறது என்கிறோமே, அதை அவர்கள் 'பாலை வாயில் வைத்திருக்கிறது' என்கிறார்கள். கதிரின் நுனி முதலில் பழுப்பதை 'சிவந்த வால்' என்பார்கள், மணி கனத்துக் கதிர் வளைந்ததும் 'தூண்டில் முள்ளாக வளைந்தது' என்பார்கள். பதருக்கு 'லெப்'. காற்றிலும் மழையிலும் பயிர் சாய்ந்துவிட்டால் வடக்கே 'டோ', தெற்கே 'ஸப்'. இந்தப் பருவப் பெயர்களில் பெரும்பாலானவை நாடு முழுக்கப் புரியும். வட்டாரச் சண்டை மற்ற இடங்களில்தான்.

அந்தச் சண்டைக்குக் காரணம் தண்ணீர். சிவப்பு ஆற்றுச் சமவெளி பல நூற்றாண்டுகளாகக் கரை கட்டி, துண்டு துண்டாகப் பிரித்து, நெருக்கியடித்துக் குடியிருந்து உழுத மண். மீகாங் கழிமுகத்துக்கு வியட்நாமிய உழவர்கள் பெரும் எண்ணிக்கையில் வரத் தொடங்கியதே 17ஆம் நூற்றாண்டில்தான். அங்கே முன்பே கெமர் மக்கள், அதாவது கம்போடிய இனத்தவர், இருந்தார்கள், கூடவே சீனர்களும் வந்தார்கள். நிலம் விரிந்து கிடந்தது, ஆள் குறைவு, தண்ணீரை அடக்க முடியாது. இந்த வேறுபாடு நேராகச் சொற்களில் இறங்கியிருக்கிறது.

முதலில் நடவைப் பாருங்கள். வடக்கத்திப் பேச்சில் அடிக்கடி காதில் விழும் வினைச்சொல் 'கய்', குனிந்து நாற்று நடுவது. தெற்கே இன்று கேட்பது 'ஸா', விதையை நேரடியாக வயலில் தூவுவது. நிலம் பெரிது, நடவாள் கிடைப்பது கஷ்டம் என்ற இடத்தில் தூவும் முறை பரவியது இயல்புதான். வடக்கே இப்போது நேரடி விதைப்பு வந்துவிட்டாலும் அதற்கு 'ஸா' என்று சொல்லாமல் 'நேராக விதைத்தல்' என்ற விளக்கமான தொடரைப் பயன்படுத்துவோர் நிறைய. காய்கறிப் பாத்தி வடக்கே 'லுவோங்', தெற்கே 'லீப்'. ஆனால் தெற்கத்தி லீப் வெறும் பாத்தி இல்லை. தாழ்ந்த ஈர நிலத்தில் வாய்க்கால் வெட்டி, அந்த மண்ணையே அள்ளிப் போட்டு உயர்த்திய நீண்ட மேடு அது. பழமரம் மேட்டில், மீனும் தண்ணீரும் பள்ளத்தில்.

தண்ணீர் பற்றிய தெற்கத்திச் சொற்களைத் தனியாகவே படிக்கலாம். கடல் ஓதம் ஆறுகள் வழியே வெகுதூரம் உள்ளே வரும் என்பதால் நாளின் ஏற்றம் 'பெரிய தண்ணீர்', இறக்கத்துக்கு 'நூக் ரோங்' என்று தனிப்பெயர். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி வரும் பேரோதத்துக்கு ஒரு சொல், இடைப்பட்ட நாட்களின் மெலிந்த ஓதத்துக்கு இன்னொரு சொல். தோட்டக்காரர் பம்பு போடாமல் தண்ணீர் பாய்ச்சுவது இந்தக் கணக்கை வைத்துத்தான். ஏற்றத்தில் வரப்படிக் குழாயைத் திறந்துவிட்டு, நிறைந்ததும் அடைத்துவிடுவார்கள். அந்தக் குழாய்க்கு 'போங்' என்று பெயர். பழைய நாளில் தென்னை மரத்தைக் குடைந்துதான் அதைச் செய்தார்கள்.

அப்புறம் வெள்ளம். வடக்கே வெள்ளம் என்றால் பேரழிவைக் குறிக்கும் சொல்தான் வரும், ஏனென்றால் கரை உடைந்தால்தான் அங்கே தண்ணீர் ஊருக்குள் வரும். மீகாங்கின் மேற்பகுதியில், ஆன் யாங், டோங் தாப் பக்கம், ஆண்டுதோறும் மழைக்காலத்தின் பின்பாதியில் மெதுவாக ஏறி வயலை மூடும் தண்ணீருக்கு 'மூவா நூக் நோய்', மிதக்கும் நீரின் பருவம் என்று பெயர். வண்டலும் மீனும் கொண்டுவரும் பருவம் அது. தண்ணீர் குறைவாக வரும் ஆண்டில்தான் அங்கே கவலைப்படுகிறார்கள். அந்த நாட்களில் எருமைகளை மேட்டு நிலத்துக்கு ஓட்டிப்போய் மேய்க்கும் வேலைக்கும் 'லென் சவ்' என்று ஒரு சொல் உண்டு. அதில் 'சவ்' என்பது எருமை (உமிக்குச் சொன்ன 'சவ்' வேறு சுரம்), 'லென்' கெமர் மொழியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள்.

கெமர் சொற்கள் இன்னும் உண்டு. புதர்க்காடாகக் கிடந்த சதுப்பு நிலத்தைத் திருத்த, நீண்ட வளைந்த கத்தி போன்ற 'ஃபாங்' என்ற கருவியை வீசிப் புல்லை வெட்டினார்கள், இன்னொரு கையில் கொக்கிக் கம்பு. கருவியும் பெயரும் கெமர் மக்களிடமிருந்து வந்தவை. வடக்கத்தி உழவருக்கு இதைக் காட்டினால் என்னவென்று கேட்பார். கம்போடிய எல்லையை ஒட்டிய ஆன் யாங் வயல்களில் வரிசை வரிசையாக நிற்கும் மரம் 'தோட் நோட்', அதுவும் கெமர்ச் சொல். நாம் போய்ப் பார்த்தால் ஒரு நொடியில் அடையாளம் தெரியும், நம் பனைமரமேதான். பதநீர் இறக்குகிறார்கள், வெல்லம் காய்ச்சுகிறார்கள், நுங்கு விற்கிறார்கள்.

பெயர்களின் பின்னால் ஒட்டும் சின்னச் சொற்களைக் கவனித்தால் எது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று மக்கள் நினைத்தார்கள் என்பது தெரியும். 'தா' என்றால் நம்முடையது, 'தய்' மேற்கத்தியது, 'தாவ்' சீனத்தது, 'சியெம்' சயாமிலிருந்து வந்தது. உருளைக்கிழங்கு 'மேற்கத்திக் கிழங்கு'. தெற்கே முள் சீத்தா 'சயாம் சீத்தா', மணிலா வாத்து 'சயாம் வாத்து'. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன சொற்களும் தோட்டத்தில் முளைத்துக் கிடக்கின்றன. காலிஃபிளவருக்கு வடக்கே 'சுப் லோ' என்பது பிரெஞ்சுச் சொல்லின் சிதைவு, தெற்கே அதையே 'போங் காய்', கோசுப் பூ என்று சொந்தச் சொல்லால் சொல்கிறார்கள். சப்போட்டாவில் கதை தலைகீழ்: தெற்கே பிரெஞ்சு வழி வந்த 'சா போ சே', வடக்கே 'சயாம் சீமைப்பனிச்சை' என்று பொருள்படும் பெயர்.

இன்னொரு வினோதக் காரணம் அரச குடும்பத்துப் பெயர்கள். நுயென் வம்சத்தின் காலத்தில் அரச குடும்பத்தினர் பெயரை வாயால் சொல்வது தகாது. பட்டத்தரசி ஒருவரின் பெயர் 'ஹ்வா', அதாவது பூ. இளவரசர் ஒருவரின் பெயர் 'கான்', அழகுச்செடி என்ற தொடரில் வரும் சொல். தெற்கத்தியர் பூவை 'போங்' என்பதற்கும் அழகுச்செடியை 'கியெங்' என்று திரித்துச் சொல்வதற்கும் இந்த விலக்கே காரணம் என்று பொதுவாக விளக்குவார்கள். முன்னதை நான் முழுதாக நம்புவதில்லை, பேச்சில் இரண்டு சொற்களும் ஒன்றாக இருந்து ஒன்று வென்றிருக்கலாம். 'கியெங்' விஷயத்தில் ஒலி திரிந்ததே சாட்சி.

புதிதாகப் படிப்பவர்களைக் கவிழ்ப்பவை ஒரே ஒலியில் வேறு பொருள் தரும் பெயர்கள். மக்காச்சோளம் வடக்கே 'ஙோ', தெற்கே 'பப்'. நிலக்கடலை வடக்கே 'லாக்', தெற்கே 'டவ் ஃபோங்'. பன்றி வடக்கே 'லன்', தெற்கே 'ஹெவ்'. விரால் மீன் வடக்கே 'கா க்வா', நடுவே 'கா ட்ராவ்', தெற்கே 'கா லோக்'. இவை வெறும் வேறுபாடுகள், மனப்பாடம் செய்தால் தீர்ந்தது. சிக்கல் 'ஸன்' போன்றவற்றில். வடக்கே ஸன் என்றால் மரவள்ளி. தெற்கே மரவள்ளிக்கு 'க்வாய் மீ'. தெற்கத்தியர் ஸன் கிழங்கு என்று சொல்வது, தோலை உரித்துப் பச்சையாகவே கடித்துத் தின்னும் நீர்ச்சத்து மிகுந்த வெள்ளைக் கிழங்கை. மரவள்ளியைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பது நமக்குத் தெரியும், ஆக இந்தக் குழப்பம் சிரித்துவிட்டுப் போகும் குழப்பம் இல்லை. 'மன்' வடக்கே பிளம் பழம், தெற்கே மணி வடிவில் தொங்கும் ஜம்பு. வடக்கே அன்னாசியைக் குறிக்கும் சொல்லைத் தெற்கே சொன்னால் பலகாரத்துக்கு மணமூட்டும் ரம்பை இலை நினைவுக்கு வரும். அன்னாசிக்கு அங்கே 'தொம்', 'கொம்' என வேறு இரண்டு பெயர்கள்.

இணையத்தில் ஓர் உழவர் எழுதியதைப் படிக்கும்போது இந்த ஜோடிகளே துப்பு. பன்றிக்கு எந்தச் சொல், சோளத்துக்கு எந்தச் சொல் என்று பார்த்தால் வடக்கா தெற்கா என்று பெரும்பாலும் பிடித்துவிடலாம். நோய்ப் பெயர்களும் அப்படித்தான். குலைநோய்க்கு அதிகாரபூர்வப் பெயர் 'டாவ் ஓன்'. தெற்கத்தி உழவர் 'சாய் லா', இலை எரிகிறது என்றுதான் சொல்வார். பாக்டீரியா இலைக்கருகல் வடக்கே 'வெளுத்த இலை', தெற்கே 'எரிந்த இலை ஓரம்'. இலையுறைக் கருகலுக்கும் இரண்டு பெயர். புகையான் மட்டும் எங்கும் 'பழுப்புப் பூச்சி'தான், அது எல்லோரையும் ஒரே மாதிரி அழ வைத்த பூச்சி.

நடு வியட்நாமின் வடபகுதி, நே ஆன், ஹா டின் பக்கம் போனால் நாட்டின் மற்றவர்களுக்கே புரியாத பேச்சு. தண்ணீர் மற்ற இடங்களில் 'நூக்', இங்கே 'நாக்'. நெல் 'லூவா' இல்லை, 'லோ'. எருமை 'ட்ரூ', வயல் 'ரோங்', கன்றுக்குட்டி 'மே'. நகரத்தார் இதைக் கொச்சை என்று கிண்டல் செய்வதுண்டு. உண்மையில் பழமை இங்கேதான் தங்கியிருக்கிறது. வியட்நாமிய மொழிக்கு நெருங்கிய உறவான முவோங் மொழியில் தண்ணீர் 'டாக்', எருமை 'ட்லூ'. 1651இல் ரோமில் அச்சான, பாதிரியார் அலெக்சாந்தர் தெ ரோதின் அகராதியும் எருமைக்கு இதே மாதிரி 'ட்ல' என்று தொடங்கும் வடிவத்தைக் கொடுக்கிறது.

வடக்கே பருவப் பெயர்களிலும் வரலாறு இருக்கிறது. குளிர்காலத்தில் தொடங்கி கோடையில் அறுக்கும் பயிருக்கு 'சியெம்' என்று பெயர் (மேலே வந்த சயாம் சியெம் வேறு, ஒலி மட்டும் தமிழில் ஒன்றாகிவிட்டது). நடு வியட்நாமில் இருந்த சம்பா அரசின் பெயரோடு இதைத் தொடர்புபடுத்துவார்கள். சம்பாவின் குறுகிய கால நெல் சீனா வரை புகழ் பெற்றது. 1012இல் சோங் பேரரசர் ஒருவர் அதன் விதையை யாங்சி பகுதி உழவர்களுக்கு அனுப்பிவைத்தார். பெயர் ஒற்றுமையை வைத்து நம் சம்பா நெல்லோடு உடனே முடிச்சுப் போட வேண்டாம். இந்தப் பயிர் பற்றி ஒரு நாட்டுப்பாடல் எல்லோருக்கும் தெரியும்: வரப்போரம் எட்டிப் பார்த்தபடி இருக்கும் நெல், இடி கேட்டதும் கொடி வீசிக்கொண்டு எழும். மின்னல் காற்றின் நைட்ரஜனைக் கரையவைத்து மழையோடு இறக்குவதே காரணம் என்று பள்ளியில் சொல்லித் தருவார்கள். காய்ந்த குளிர்காலம் போய் முதல் மழையும் வெப்பமும் வருவதற்கும் அதில் பெரிய பங்கு இருக்க வேண்டும்.

அரசியலும் சொல் கொடுத்திருக்கிறது. வடக்கே கூட்டுறவுப் பண்ணைக் காலத்தில் குடும்பத்துக்கென்று ஒதுக்கிய சிறு துண்டு நிலம் 'ஐந்து சதவீத நிலம்'. கூட்டுப்பண்ணை விதியை மீறி ரகசியமாகக் குடும்பங்களுக்கு நிலத்தைப் பிரித்துக் கொடுத்ததற்குப் பெயர் 'கோவான் சுய்', பதுங்கிப் போகும் குத்தகை. 1988இல் வந்த கம்யூனிஸ்ட் கட்சியின் 'பத்தாம் தீர்மானம்' குடும்பச் சாகுபடியை அங்கீகரித்தது. உழவர்கள் அதைச் சுருக்கமாகக் 'கோவான் பத்து' என்கிறார்கள். மறு ஆண்டே வியட்நாம் பெரிய அளவில் அரிசி ஏற்றுமதி செய்யத் தொடங்கியது.

தெற்கே நெல் ரகங்களுக்குச் செல்லப்பெயர் வைப்பதில் ஆர்வம் அதிகம். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஐஆர் 8 தெற்கு வியட்நாமுக்கு வந்தபோது அதிகாரபூர்வமாக 'உழவுத் தெய்வம் 8' என்று பெயரிட்டார்கள். உழவர்கள் சொன்னதோ 'ஹோண்டா நெல்'. விளைச்சலை விற்று ஹோண்டா மோட்டார் சைக்கிள் வாங்க முடிந்தது, அவ்வளவுதான். ஐஆர் 50404 என்பதை யாரும் முழுதாகச் சொல்வதில்லை, '504' போதும். 'ஓஎம்' என்று தொடங்கும் ரகங்கள் கன் தோ பகுதியிலுள்ள ஓ மோன் ஊரின் பெயரைத் தாங்கியவை. 2019இல் உலகின் சிறந்த அரிசி என்ற பட்டம் வென்ற எஸ்டி 25, ஹோ குவாங் குவாவும் அவர் குழுவும் உருவாக்கியது. எஸ்டி என்பது சோக் ட்ராங் மாநிலம். 2025இல் அந்த மாநிலம் கன் தோவோடு இணைக்கப்பட்டுவிட்டது, நெல்லின் பெயரில் மட்டும் நிற்கிறது.

சந்தைக்கு வந்தால் இன்னொரு அகராதி. மீகாங்கில் நெல்லை 'யா' என்ற அளவில் சொல்வது பழைய வழக்கம், ஒரு யா சுமார் 20 கிலோ. ஒரு கோங்குக்கு 35 யா என்றால் ஹெக்டேருக்கு ஏழு டன். வடக்கே 100 கிலோவுக்குத் 'தா' என்று பெயர், ஒரு சாவுக்கு இரண்டு தா என்று பேசுவார்கள், அது ஹெக்டேருக்கு ஐந்தரை டன். பழம் வாங்கும்போது 'சுக்' என்றால் பத்து. ஆனால் மீகாங்கின் சில ஊர்களில் ஒரு சுக்குக்கு 12, 14, ஏன் 16 பழம்கூட எண்ணிப் போடுவார்கள். அறுவடைக்கு முன்பே பணத் தேவைக்குக் குறைந்த விலையில் விளைச்சலை எழுதிக்கொடுப்பது 'பச்சை நெல்லை விற்பது'. தரகருக்குப் பெயர் 'கோ'. விலை சரிந்ததும் முன்பணத்தை விட்டுவிட்டு வியாபாரி காணாமல் போவதற்கு 'முன்பணத்தைப் போட்டுவிட்டுப் போதல்' என்ற தொடர் செய்திகளில் திரும்பத் திரும்ப வரும். ஏற்றுமதிக்குப் போன தர்பூசணி சீன எல்லையில் தேங்கி நகரத்து மக்கள் இரக்கப்பட்டு வாங்கும்போது 'மீட்பு' என்று சொல்வார்கள். விளைவித்தவரைப் பரிதாபத்துக்குரியவராக்கும் சொல் என்பதால் எனக்கு அது பிடிப்பதில்லை.

கடைசியாக, வயலிலிருந்து நகரத்துக்குப் போய் வசையான சொற்கள். 'ஃபென்' என்பது மீகாங்கின் அமில மண்ணிலிருந்து கசியும் துருநிறக் கறை, உழவரின் கால் நகங்களில் ஒட்டிக்கொண்டு போகாது. இன்று சைகோன் இளைஞர்கள் நாகரிகம் தெரியாத உடையை ஃபென் என்கிறார்கள். 'லூவா' என்றாலும் அதே கிண்டல்தான். தெற்கே வீட்டின் மூத்த பிள்ளையை 'ஹாய்', அதாவது இரண்டு என்று அழைப்பது வழக்கம், ஒன்று என்று அழைப்பதில்லை. அந்த ஹாயோடு லூவாவைச் சேர்த்து 'ஹாய் லூவா' என்றால் மீகாங் உழவர், பட்டிக்காட்டு அண்ணன். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாமல் தாமே அறுவடை எந்திரமும் விதைப்புக் கருவியும் செய்யும் உழவர்களைப் பத்திரிகைகள் 'ஹாய் லூவா பொறியாளர்' என்று எழுதத் தொடங்கியபின் அந்தப் பெயரில் கொஞ்சம் பெருமையும் ஏறிவிட்டது. உழவர்களே தங்களைச் சிரித்துக்கொண்டு அப்படிச் சொல்லிக்கொள்வார்கள். வெளியூர்க்காரர் முகத்துக்கு நேரே சொன்னால் கதை வேறு.